கொழுப்புப் படகில் ஒரு வைரஸ்

பலருக்கு இந்தக் கதை கல்யாணச் சாப்பாட்டில்தான் தொடங்குகிறது. பந்தியில் நெய் மணக்கச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பிய இரவு, வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி பிடிக்கும். வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடிப்பார்கள். வலி வலது தோள்பட்டை வரை ஏறும். மறுநாள் ஸ்கேன்.

ஸ்கேன் அறையில் முதலில் உறைப்பது அந்த ஜில்லென்ற ஜெல். அதை வயிற்றில் பூசிக் கருவியை விலாவோரம் அழுத்தி, "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்பார் டாக்டர். திரையில் சாம்பல் மேகம் போல ஒன்று இறங்கி வரும். அதுதான் கல்லீரல். அதையொட்டி அவரை விதை வடிவில் சிறுநீரகம். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நல்லது. கல்லீரல் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தால் அதற்குள் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. கொழுப்புத் துளிகள் ஒலியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புவதால் வருகிற வெளுப்பு அது. கல்லீரலுக்கு அடியில் சின்னக் கத்தரிக்காய் போலக் கருப்பாகத் தொங்குவது பித்தப்பை. உள்ளே இருப்பது நீர் என்பதால் அந்தக் கருப்பு. அதற்குள் ஒரு வெள்ளைப் பொட்டு பளிச்சிட்டு, அதன் பின்னால் வால் மாதிரி ஒரு கரும்பட்டை நீண்டால் அது கல். ஒலி அதைத் தாண்டிப் போக முடியவில்லை, பின்னால் விழுவது கல்லின் நிழல். டாக்டருக்கு இன்னும் சந்தேகம் இருந்தால், "அப்படியே இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க" என்பார். உருண்டால் கல். ஒட்டிக்கொண்டே நின்றால் வேறு ஏதோ சதை.

கல்லுள்ள பித்தப்பையை எடுக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் வழக்கமாக ரத்தம் எடுப்பார்கள். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி மூன்றையும் பார்ப்பார்கள். மூன்றாவது 'பாசிட்டிவ்' என்று வரும்போதுதான் வீடே திகைத்துப் போகும். கல்லுக்காகப் போன இடத்தில், இருபது முப்பது வருடமாகச் சத்தமில்லாமல் உள்ளே குடியிருந்த ஒரு வைரஸ் மாட்டிக்கொள்கிறது.

ஆக, கையில் இருக்கும் காகிதத்தில் மூன்று வரி: பித்தப்பையில் கல், ஃபேட்டி லிவர், எச்.சி.வி. (ஹெபடைடிஸ் சி வைரஸ்) பாசிட்டிவ். நம் ஆட்கள் மூன்றுக்கும் தனித்தனியாகப் பழி தேடுவார்கள். கல்லுக்குக் காரணம் தண்ணீர் சரியாகக் குடிக்காதது (அது சிறுநீரகக் கல்லின் கதை, பித்தப்பைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). கொழுப்புக்குக் காரணம் பஜ்ஜி. வைரஸுக்குக் காரணம் என்றோ ஏற்றிய ரத்தம், அல்லது ஒரே ஊசியைப் பலருக்கும் குத்திய காலத்து வைத்தியம். கடைசிப் பழி பெரும்பாலும் நியாயமானது, அந்த வைரஸ் ரத்தம் வழியாகத்தான் பரவுகிறது. ஆனால் இந்த மூன்று வரியும் பல நேரங்களில் ஒரே கதையின் மூன்று இடங்கள். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற பழைய சங்கதிதான் அந்தக் கதையின் மூலம்.

தீபாவளிக் காலையில் தலை நிறைய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு வெந்நீர் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீர் வழுக்கிக்கொண்டு ஓடும், எண்ணெய் அப்படியே நிற்கும். சீயக்காய் வந்த பிறகுதான் இறங்கும். சீயக்காயில் இருக்கும் சபோனின் என்ற பொருளுக்கு ஒரு முனை நீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு சேரும். இரண்டு கட்சிக்கும் வேண்டிய ஆள்.

ரத்தம் பெரும்பகுதி நீர். அதற்குள் கொழுப்பை எப்படிக் கொண்டுபோவது என்பது உடம்புக்குத் தினசரிப் பிரச்சினை. இதைத் தீர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் கல்லீரலிடம் இருக்கிறது. ஒவ்வொரு கல்லீரல் செல்லுக்கும் இரண்டு வாசல் உண்டு. ஒன்று ரத்தத்தைப் பார்த்தது, மற்றது மயிரிழை போன்ற பித்தக் கால்வாயைப் பார்த்தது. ரத்தப் பக்கம் அனுப்ப வேண்டிய கொழுப்பை அது உருண்டையாகத் திரட்டி, மேலே புரதத்தைச் சுற்றிக் கட்டிப் படகாக மிதக்க விடுகிறது. லேப் ரிப்போர்ட்டில் வி.எல்.டி.எல்., எல்.டி.எல். என்று வருகிறதே, அவை இந்தப் படகுகளின் பெயர். பித்தப் பக்கம் அனுப்பும் கொலஸ்ட்ராலுக்கு வேறு ஏற்பாடு: பித்த உப்புகள். கல்லீரல் தானே தயாரிக்கும் சீயக்காய் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளில் அரை லிட்டருக்கு மேல் பித்தநீர் சுரக்கிறது.

இனி வைரஸுக்கு வருவோம்.

1970-களில் அமெரிக்காவில் ஹார்வி ஆல்ட்டர் என்ற டாக்டர் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு வரும் காமாலையைப் பின்தொடர்ந்தார். ஹெபடைடிஸ் ஏ இல்லை, பி-யும் இல்லை. வேறு பெயர் தோன்றாததால் 'ஏ-யுமில்லை பி-யுமில்லை' என்றே அந்த நோயை எழுதிவைத்தார்கள். வைரஸ் யார் கண்ணிலும் படவில்லை, கண்ணாடிக் குடுவையில் வளரவும் இல்லை. 1989-இல் கைரான் என்ற கம்பெனியில் மைக்கேல் ஹௌட்டன், குய்-லிம் சூ, ஜார்ஜ் குவோ ஆகியோர், வைரஸைப் பார்க்காமலேயே அதன் மரபுப் பொருளின் ஒரு துண்டை மட்டும் பிடித்து, அதிலிருந்து முழு ஆளையும் கண்டுபிடித்தார்கள். திருடனின் முகம் தெரியாமல் அவன் சட்டைப் பித்தானை வைத்துக்கொண்டு ஊரைச் சலித்த மாதிரி. 2013-இல் கனடாவின் கெய்ர்ட்னர் பரிசை ஹௌட்டன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், கூட உழைத்த சூவையும் குவோவையும் விட்டுவிட்டார்களே என்று. 2020-இல் நோபல் பரிசு ஆல்ட்டர், ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் வந்தது. அந்த முறை ஹௌட்டன் வாங்கிக்கொண்டார். அதிலும் சூவும் குவோவும் இல்லை.

பிடிபட்டது எவ்வளவு சின்ன ஆள் என்று பாருங்கள். சுமார் 9,600 எழுத்து நீளமுள்ள ஒரு ஆர்.என்.ஏ. இழை. அதைப் படித்தால் ஏறக்குறைய 3,000 அமினோ அமிலம் கொண்ட ஒரே நீளப் புரதம் கிடைக்கும். அதைப் பத்தாக நறுக்கினால் வைரஸின் மொத்தக் குடும்பமும் தயார். மனிதச் செல்லில் புரதம் செய்யும் மரபணுக்கள் மட்டும் இருபதாயிரத்தை ஒட்டி இருக்கின்றன. பத்தே பத்துப் புரதத்தை வைத்துக்கொண்டு இது இருபது முப்பது வருடம் எப்படி ஒருவருக்குள் தங்குகிறது?

அதற்கான முதல் துப்பு ஒரு சின்ன விநோதத்தில் கிடைத்தது. நோயாளியின் ரத்தத்தை மையவிலக்கி எந்திரத்தில் சுழற்றினால் கனமானவை அடியில் போகும், இலேசானவை மேலே நிற்கும். ஹெபடைடிஸ் சி வைரஸில் ஒரு பகுதி, ஒரு வைரஸ் இருக்க வேண்டிய ஆழத்தில் இல்லாமல் மோரில் வெண்ணெய் மாதிரி மேலே மிதந்தது. 2002-இல் பிரான்ஸின் லியோன் நகர ஆய்வாளர்கள் அந்த மிதக்கும் பகுதியைப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே வைரஸும் இருந்தது, கொழுப்பும் இருந்தது, கொழுப்புப் படகின் மேல் சுற்றும் அதே புரதங்களும் இருந்தன. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'லிப்போ-வைரோ-பார்ட்டிக்கிள்'. பாதி கொழுப்பு உருண்டை, பாதி வைரஸ்.

இந்தக் கலவை எங்கே உருவாகிறது என்று பார்க்க, வைரஸை ஆய்வகத்தில் வளர்க்க வேண்டியிருந்தது. கண்டுபிடித்துப் பதினைந்து வருடம் தாண்டியும் அது ஒழுங்காக வளர மறுத்தது. தீவிரக் கல்லீரல் அழற்சி வந்த ஒரு ஜப்பானிய நோயாளியிடமிருந்து கிடைத்த வகை ஒன்றை வைத்து 2005-இல் டகாஜி வக்கிடாவின் குழுவினர் வளர்த்துக் காட்டினார்கள். அடுத்த இரண்டு வருடத்தில், 2007-இல், கியோட்டோவிலிருந்து படங்கள் வந்தன. செல்லுக்குள் இருக்கும் கொழுப்புத் துளிகளை வட்டமாகச் சூழ்ந்துகொண்டு வைரஸின் 'கோர்' புரதம் உட்கார்ந்திருந்தது. பணியாரக் குழியில் ஊற்றிய மாவைச் சுற்றிச் சிவந்த ஓரம் தெரியுமே, அப்படி. அந்தத் துளியின் ஓரத்தில்தான் புதிய வைரஸ்கள் பூட்டப்படுகின்றன. நமக்குக் கொழுப்பு என்பது சேமிப்பு. அதற்கோ அதுதான் பட்டறை.

பூட்டிய பிறகு வெளியேறும் வழி? கல்லீரல் ரத்தத்துக்குப் படகு அனுப்புகிற அதே துறை. வைரஸ் தனியாக வாசல் உடைப்பதில்லை, போகிற படகில் ஏறிக்கொள்கிறது. ரத்தத்தில் அதைச் சுற்றிக் கொழுப்பும் நம் சொந்தப் புரதமும் இருப்பதால் எதிர்ப்பொருள்களின் கண்ணுக்குச் சரியாக அகப்படுவதில்லை. அடுத்த செல்லின் வாசலில் போய் நின்றால், அங்கேயும் கொழுப்புப் படகை வரவேற்கக் காத்திருக்கும் கைகள் இதையும் பிடித்து உள்ளே இழுக்கின்றன. ஹெபடைடிஸ் சி-க்கு இன்றுவரை தடுப்பூசி இல்லாமல் போனதற்கு இந்த மாறுவேடமும் ஒரு காரணம். இழையின் எழுத்துகள் ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பது இன்னொரு காரணம்.

இத்தனை ஏற்பாட்டுக்கும் விலை கொடுப்பது செல். படகில் கொழுப்பை ஏற்றிவிடும் புரதம் ஒன்று உண்டு. வைரஸின் கோர் புரதம் அதன் வேலையை மந்தமாக்குகிறது. துறையில் படகு குறைகிறது, சரக்கு கிடங்கில் தேங்குகிறது. கூடவே புதுக் கொழுப்பு செய்யச் சொல்லும் கட்டளை ஏறுகிறது, இருப்பதை எரிக்கும் வேகம் இறங்குகிறது. 1990-களின் பிற்பகுதியில் டோக்கியோவில் எலிகளுக்கு வைரஸைக் கொடுக்காமல், அந்தக் கோர் புரதத்தின் மரபணுவை மட்டும் புகுத்திப் பார்த்தார்கள். எலிகளுக்கு ஃபேட்டி லிவர் வந்தது. வயதானபோது சிலவற்றுக்குக் கல்லீரல் புற்றும் வந்தது. வைரஸ் இல்லை, பஜ்ஜியும் இல்லை. பத்தில் ஒரே ஒரு புரதம்.

மனிதர்களில் இது எல்லா வகையிலும் ஒரே மாதிரி இல்லை. இந்த வைரஸில் பல மரபு வகைகள் உண்டு, எண் போட்டு அழைக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு ஜெனீவா டாக்டர்கள், 3-ஆம் வகை தொற்றியவர்களின் கல்லீரலில் வைரஸ் எவ்வளவு அதிகமோ அவ்வளவு கொழுப்பும் இருப்பதைக் கவனித்தார்கள். சிகிச்சையில் வைரஸ் போனால் கொழுப்பும் போனது. வைரஸ் திரும்பினால் கொழுப்பும் திரும்பியது. மற்ற வகைகளில் கொழுப்பு பெரும்பாலும் தொப்பை, சர்க்கரை, மது ஆகியவற்றின் கணக்கு. அதோடு வைரஸும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுகிறது. இது நமக்கு வெறும் வெளிநாட்டுச் செய்தி இல்லை. இந்தியாவில் அதிகம் தென்படுவது 3-ஆம் வகைதான், தெற்கே வர வர 1-ஆம் வகையின் பங்கு கூடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் இந்த நாட்டில் ஹெபடைடிஸ் சி-யோடு வாழ்ந்தவர்கள் சுமார் 55 லட்சம் பேர்.

இதில் ஏமாற வைக்கும் ஓர் இடம் உண்டு. படகுகள் கரை தாண்டாததால், 3-ஆம் வகை நோயாளிகளின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைவாக இருக்கும். மாஸ்டர் செக்கப் எடுத்தவர் எல்.டி.எல். அளவைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொள்வார். உள்ளே கிடங்கு நிரம்பி வழிவது அவருக்குத் தெரியாது.

அடுத்தது கல். கொலஸ்ட்ரால் என்ற பெயரே பித்தப்பைக் கல்லிலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 18-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் பித்தக் கற்களைக் கரைத்துப் பார்த்தபோதுதான் அந்த வெள்ளை மெழுகு முதலில் கையில் சிக்கியது. பிறகு செவ்ரல் என்ற வேதியியலாளர் அதற்குக் கிரேக்கச் சொற்களில் 'பித்தத் திடம்' என்று பொருள்படப் பெயர் சூட்டினார். அவர் 102 வயது வரை வாழ்ந்தார், கொலஸ்ட்ரால் பேரைக் கேட்டாலே நடுங்குகிறவர்களுக்கு இது ஓர் ஆறுதல்.

நம் ஊரிலோ பித்தக் கல்லுக்கு வேறு மரியாதை. பாட்டிகளின் மருந்துப் பெட்டியில் கோரோசனை என்று மஞ்சளாக ஒன்று இருக்கும், தாய்ப்பாலில் இழைத்துக் குழந்தை நாக்கில் தடவுவார்கள். அது மாட்டின் பித்தப்பையில் உருவாகும் கல். இன்று கடையில் அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பகுதி வேறு சரக்கு, கைக்குழந்தைக்கு அதையெல்லாம் கொடுக்காதீர்கள் என்றுதான் குழந்தை டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆனால் இயற்கைக் கோரோசனைக்கு, முக்கியமாகச் சீன மருத்துவத்தால், தங்கத்தோடு போட்டி போடும் விலை இருக்கிறது. மனிதக் கல்லுக்கு ஆபரேஷன் தியேட்டர் டப்பாதான்.

கல் எப்படி விளைகிறது என்று தெரிய உடன்குடிப் பக்கம் போனால் போதும். பதநீரைப் பாகாகக் காய்ச்சி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, அசைக்காமல் வாரக் கணக்கில் விட்டுவைப்பார்கள். நீர் தாங்கக்கூடியதைவிட அதிகமாகச் சர்க்கரை கரைந்திருக்கும் பாகு அது. பிடித்துக்கொள்ள நூல் கிடைத்ததும் கற்கண்டாகத் திரளும். பித்தப்பையில் நடப்பதும் அதுவே. பித்த உப்பு தாங்கும் அளவுக்கு மேல் கொலஸ்ட்ரால் வந்து சேர வேண்டும், பை அதிலிருந்து நீரை உறிஞ்சி இன்னும் கெட்டியாக்க வேண்டும், பையின் உட்சுவர் சுரக்கும் வழுவழுப்பான சளி நூலாக வேண்டும், பை சுருங்கிப் பிழிந்து தள்ளாமல் சோம்பிக் கிடக்க வேண்டும். நாலும் கூடினால் கற்கண்டு.

ஹெபடைடிஸ் சி இந்தப் பாகை எங்கே கெட்டியாக்குகிறது? ஒரு வழி இன்சுலின். வைரஸும் அது சேர்த்த கொழுப்பும் கல்லீரலில் இன்சுலின் சொல்வதைக் கேட்கவிடாமல் செய்கின்றன; இந்த நோயாளிகளிடம் சர்க்கரை நோய் கூடுதலாகக் காணப்படுவது இதனால்தான். கல்லீரலில் மட்டும் இன்சுலின் வேலை செய்யாத எலிகளை வைத்து 2008-இல் அமெரிக்காவில் செய்த ஆய்வு, அந்நிலையில் கல்லீரல் செல்லின் பித்த வாசலில் கொலஸ்ட்ராலை வெளியே தள்ளும் கதவுகள் அதிகமாகத் திறந்துகொள்வதைக் காட்டியது. பித்தம் பாகாகிறது. அந்த எலிகளுக்குக் கல் எளிதில் வந்தது.

நோய் முற்றிக் கல்லீரல் சுருங்கிக் கரடுதட்டும் சிரோசிஸ் கட்டத்தில் கல்லின் நிறமே மாறும். மண்ணீரல் வீங்கிச் சிவப்பணுக்களை அதிகமாக உடைக்கும், உடைந்ததிலிருந்து வரும் நிறமி பித்தத்தில் குவியும், சீயக்காய் சுரப்போ குறையும். அப்போது விளைவது மஞ்சள் மெழுகுக் கல் அல்ல, மிளகு மாதிரிக் கருங்கல். ஒரே வைரஸின் முற்பாதியில் ஒரு கல், பிற்பாதியில் வேறு கல்.

அமெரிக்காவின் தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பை அலசிய 2005-ஆம் ஆண்டு ஆய்வொன்று, ஹெபடைடிஸ் சி உள்ள ஆண்களிடம் பித்தக் கல் அதிகம் என்றும், கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறதோ அவ்வளவு அதிகம் என்றும் கண்டது. ருமேனியாவின் குளூஜ் நகர டாக்டர்கள் தொப்பையையும் ஃபேட்டி லிவரையும் இந்தக் கணக்கில் சேர்த்தார்கள். இதைக் கொண்டு கல் இருக்கிறவரெல்லாம் வைரஸுக்குப் பயப்பட வேண்டியதில்லை. உலகத்தில் பெரும்பாலான பித்தக் கற்களுக்கு வைரஸோடு எந்த ஒட்டும் கிடையாது. வயது, உடல் பருமன், பிள்ளைப்பேறு, அவசர அவசரமாக எடை குறைப்பது, குடும்ப வழி, இவையே போதும்.

என்னை அதிகம் அசரவைத்தது வேறொரு கண்டுபிடிப்பு. பித்த வாசலில் கொலஸ்ட்ராலை வெளியே தள்ளும் கதவு இருப்பதுபோலவே, போனதில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஒரு கையும் மனிதக் கல்லீரலில் இருக்கிறது. பித்தம் பாகாகாமல் காக்கும் சிக்கனக்காரக் கை. 2012-இல் சிகாகோ ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் சி செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கைகளில் அதுவும் ஒன்று என்று காட்டினார்கள். கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கிற எசெட்டிமைப் மாத்திரை கட்டிப்போடுவது அதே கையைத்தான். மனிதக் கல்லீரல் செல் பொருத்திய எலிகளில் அந்த மாத்திரை தொற்றைத் தாமதப்படுத்தியது. சிகிச்சையாக அது வளரவில்லை. அதற்குள் வேறு மாத்திரை வந்துவிட்டது.

2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோஃபோஸ்புவிர். அப்போது அங்கே ஒரு மாத்திரை 1,000 டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர். பிறகு இந்தியக் கம்பெனிகள் உரிமம் பெற்று அதன் சிறு பங்கு விலைக்குச் செய்தன. 2018-இல் ஹெபடைடிஸுக்கான தேசியத் திட்டம் தொடங்கியபின் அரசு சிகிச்சை மையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. இன்னொரு மருந்தோடு சேர்த்து, பெரும்பாலோருக்கு 12 வாரம், தினம் ஒன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு வைரஸ் அடியோடு போய்விடுகிறது. எதிர்ப்பொருள் டெஸ்ட் மட்டும் ஆயுசுக்கும் 'பாசிட்டிவ்' என்றே காட்டும். குணமானவர்கள் வேலைக்கான மெடிக்கலிலும் அடுத்த ஆபரேஷனிலும் இதை விளக்கி விளக்கிச் சலித்துப்போகிறார்கள், ஆர்.என்.ஏ. டெஸ்ட் ரிப்போர்ட்டை லேமினேட் செய்து வைத்துக்கொள்வது உத்தமம்.

குணமான சில மாதத்தில் இன்னொரு கலவரம் வரும். எல்.டி.எல். ஏறியிருக்கும். "வைரஸுக்கு மாத்திரை போட்டுக் கொலஸ்ட்ராலை வாங்கிக்கிட்டேனே!" அவர் எதையும் வாங்கவில்லை. இத்தனை வருடம் கிடங்கில் முடங்கிக் கிடந்த படகுகள் கரை தாண்டுகின்றன, அவ்வளவுதான். ரத்தத்தில் இப்போது தெரிவது அவருடைய சொந்தக் கணக்கு. வைரஸ் வருவதற்கு முன் இருந்திருக்க வேண்டிய எண். ஏறியது அதிகம் என்றால் மற்றவர்களைப் போல அவரும் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டியதுதான்.

கல்? அதற்கு மாத்திரையெல்லாம் தெரியாது. கரடிப் பித்தத்தில் முதலில் கண்டெடுத்த அமிலம் ஒன்று சின்னக் கொலஸ்ட்ரால் கற்களை மாதக் கணக்கில் மெல்லக் கரைக்கும், பெரியதைத் தொடாது, கருங்கல்லைத் தொடவே தொடாது. வலிக்காத கல்லைச் சும்மா விட்டுவிடுவதே வழக்கம். சிரோசிஸ் உள்ளவருக்குக் கத்தி வைப்பது ஆபத்தானது என்பதால் டாக்டர்கள் இன்னும் தயங்குவார்கள். அவர்களுக்குப் பித்தப்பையின் சுவர் தடித்துத் தெரிந்தாலும் அது கல்லின் அழற்சியாக இல்லாமல், கல்லீரல் நோயால் ஊறிய வீக்கமாகவே இருக்கலாம்.

சிரோசிஸ் வந்தபின் குணமானவர்கள் புற்று முளைக்கிறதா என்று பார்க்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே ஸ்கேன் அறைக்கு வர வேண்டும். அதே ஜெல், அதே "மூச்சை இழுத்துப் பிடிங்க". 3-ஆம் வகை இருந்து போனவரானால், முன்பு வெளுத்துக் கிடந்த மேகம் சிறுநீரகத்தின் சாம்பலுக்கு இறங்கி வந்திருக்கலாம். ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார் டாக்டர். கருப்புக் கத்தரிக்காய்க்குள் வெள்ளைப் பொட்டு உருளும், நிழலும் கூடவே உருளும்.